போகாத வீட்டில் சாப்பிட்ட நண்டுக் கறி

"கல்லு எப்பிடி இருந்தது, பிள்ளை?"

பதினொரு வருடங்களுக்கு முன் தொலைபேசியில் என்னிடம் இப்படிக் கேட்டவர் ஒரு மாமி. அதற்கு முன் அவரை நான் நேரில் கண்டதில்லை. அதற்குப் பின்னும் கண்டதில்லை. கேள்விக்கு இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கேட்டு முடிக்குமுன்பே கையைத் தூக்குகிற பிள்ளையாக இருந்தவள் நான். எதற்கும் ஒரு விடை எழுதி வைத்தால்தான் எனக்கு நித்திரை வரும். ஆனாலும் இந்த ஒன்று அப்படியே நிற்கிறது.

மாமி யார் என்று சொல்வதற்கு முன் ஒரு பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அதிலிருந்துதான் கிளம்பியது.

போன செவ்வாய்க்கிழமை என் மகள் ஆதிரையின் பார்னஹாகேயில் காட்டு நடை. பார்னஹாகே என்றால் இங்கே நோர்வேயில் பள்ளிக்கு முந்திய சின்னப் பிள்ளைகள் பகல் முழுவதும் இருக்கிற இடம். மழையோ பனியோ, வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளை வரிசையாகக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போவார்கள். பாணும் வெள்ளரிக்காயும் கட்டிக்கொடுக்க வேண்டும். அவளுடைய சாப்பாட்டுப் பை கிழிந்துபோயிருந்ததால் நிலவறைக்குப் போய்த் தேடினேன். பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் பழைய தொட்டிலுக்கும் நடுவில், மடித்தபடி, ஒரு நீலக் குளிர்ப்பை. குளியலறையில் வைத்து வெந்நீரை ஊற்றினேன். ஊற்றியதுதான் தாமதம், வறுத்த மல்லியும் பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயுமாக வாசம் எழும்பி வந்து எனக்குத் தும்மல் பிடித்துவிட்டது.

பையின் சிப் ஓரத்துத் தையலில் சிவப்பாக ஒரு கோடு. ஆதிரை அதில் விரலை வைத்து எடுத்தாள்.

"அம்மா, இது மண்ணா, தூளா?"

"தெரியாது. வாயிலை வைக்காதை."

வைத்துவிட்டாள். "மண்" என்றாள். ஒரு நொடி கழித்து முகம் சுருங்கியது. "இல்லை, தூள்! அம்மா, தண்ணி!"

பதினொரு வருடப் பழசான மிளகாய்த்தூள் நான்கு வயதுப் பிள்ளையை என்ன செய்யும் என்று அரைமணி நேரம் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதற்குள் மறந்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். உண்மையில் அவள் சொன்ன இரண்டும் சரி. அந்தத் தையலில் இருந்தது அம்மா ஒஸ்லோவின் புருசெத்தில், எங்கள் வீட்டில், வறுத்து அரைப்பித்த தூள். அதோடு கலந்திருந்தது அமெரிக்காவின் செம்பாறை நாட்டுப் புழுதி. இரண்டும் ஒரே நிறம். எது எதுவென்று அன்றே என்னால் பிரிக்க முடியவில்லை.

இனி எங்கள் ஆட்களின் பயணங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்களும் எங்களைப் போன்றவர் என்றால் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். நாங்கள் இடங்களுக்குப் போவதில்லை, வீடுகளுக்குப் போகிறோம். பதினெட்டு வயதுக்குள் நான் பாரிசுக்கு ஏழு தடவை போயிருந்தேன். ஈபிள் கோபுரத்தைப் பார்த்தது ஒரு தடவை, சித்தப்பாவின் காருக்குள் இருந்து, சிவப்பு விளக்கு விழுந்த நேரத்தில். விளக்கு மாறியதும் கோபுரமும் போய்விட்டது. மற்ற ஆறு தடவையும் சித்தப்பா வீட்டுச் சோபா. ஆல்ப்ஸ் மலையை ஒரு பெரியம்மாவின் குசினி யன்னலால், இடியப்பம் பிழிந்துகொண்டே பார்த்தேன். குறை சொல்லவில்லை. ஊரைவிட்டு ஓடி வந்து உலகம் முழுக்கச் சிதறிய ஆட்களுக்கு, யார் எங்கே உயிரோடு இருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பதுதான் முதல் வேலை. எனக்கு அது விளங்கும். ஆனாலும் இருபத்துநான்கு வயதில், ஆய்வுகூட வேலையில் சேர்ந்து முதல் வருட விடுமுறை கையில் கிடைத்தபோது, யாருமே இல்லாத ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், கல்.

கல்லின் படத்தை எனக்குக் காட்டியது வித்யா. நான் வேலை செய்த கட்டடத்தின் மேல்மாடிக்குக் கணினி வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். சாப்பாட்டு மண்டபத்தில் என் பிட்டைப் பார்த்து, "எங்க ஊர்லயும் இருக்குங்க, ஆனா இப்படி இல்ல" என்று வந்து உட்கார்ந்தவள், மூன்றாம் நாளே "ஏய் லூசு" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். ஒருநாள் தன் கைபேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரை முழுக்க அமெரிக்காவின் சிவப்புப் பாறைகள். நடுவே ஒரு தார் வீதி, ஓடி ஓடி எங்கேயோ மெலிந்து போகிறது.

"ரெண்டு பேரும் போலாமா? நீ ஓட்டு. நான் பாட்டுப் போடறேன்."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடித்து வந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அம்மா."

"ஒருத்தரும் இல்லாத இடத்திலை உனக்கென்ன வேலை?"

"பாக்கப் போறன்."

"ஆரை?"

மூன்று நாட்கள் அம்மா என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் அம்மா நான் வேலையில் இருக்கும்போதே தொலைபேசியில் பிடித்தார். குரலில் வெற்றி. "பீனிக்ஸிலை இருக்கினம்!" அம்மாவின் தம்பி மனைவியின் தமக்கை ஒருவர் அரிசோனாவில் அந்த நகரத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாராம். பேசியாகிவிட்டதாம். நாங்கள் அங்கே இரண்டு இரவு தங்குகிறோமாம்.

வித்யாவுக்கு உறவை விளக்கினேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "எங்க ஊர்ல இதுக்குப் பேரே கிடையாதுடி."

"எங்கடை ஊரிலை மாமி."

"உங்க ஆளுங்க மேப்புல ரோடே இல்ல. சொந்தக்காரங்க மட்டும்தான் இருக்காங்க."

பிறகு பொதி. ஒன்றரைக் கிலோ தூள், முறுக்கு, ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய், வித்யாவின் மொழியில் எலுமிச்சை. வாசம் வெளியே வரக்கூடாது என்று அம்மா ஆறு பிளாஸ்டிக் பைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மண்ணிற ஒட்டுநாடாவால் சுற்றிச் சுற்றி ஒட்டி, மேலே கறுப்பு மையால் 'மாமிக்கு' என்று எழுதி, நீலக் குளிர்ப்பைக்குள் வைத்துத் தந்தார். யார் வீட்டுக்கும் நாங்கள் கைவீசிக்கொண்டு போவதில்லை. அமெரிக்க விமான நிலையத்தில் என்னிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. நானாகவே போய், இதில் இன்னின்ன இருக்கிறது என்று முறுக்கு உட்பட எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அதிகாரி கொட்டாவி விட்டுக்கொண்டு கையை அசைத்தார்.

லாஸ் வேகாசில் கார் எடுத்தோம். நான்தான் ஓட்டினேன். நோர்வேயில் சாரதி அனுமதி வாங்குவதற்கு வழுக்கும் தளத்தில் காரைச் சுழலவிட்டு நிறுத்திக்காட்ட வேண்டும். அதில் தேறியவளுக்கு அந்த வீதிகள் பயமில்லை என்று எழுத ஆசை. பயந்தேன். இருபத்துநாலு போத்தல் தண்ணீர் வாங்கினேன். கண்ட பெற்றோல் நிலையத்தில் எல்லாம் நிறுத்தினேன். "அக்கா, டேங்க் ஃபுல்லா இருக்கு, இனி காதுலதான் ஊத்தணும்" என்றாள் வித்யா. கிண்டல் செய்யும்போது மட்டும் நான் அவளுக்கு அக்கா.

முதல் இரண்டு நாளும் ஒரு குறையில்லாமல் போனது. செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே ஓடும் ஒரு சின்ன ஆற்றுக்குள் முழங்கால் தண்ணீரில் நடந்தோம். நான் வளர்ந்த நாட்டிலும் மலைக்குக் குறைவில்லை. ஆனால் இங்கே மலை எப்போதும் எதையாவது உடுத்திக்கொண்டுதான் நிற்கும், பாசி, ஊசியிலை மரம், பனி, மேகம் என்று. அங்கே மலை வெறும் உடம்போடு நின்றது. பார்க்கச் சங்கடமாக இருந்தது, சிரிக்காதீர்கள், ஒரு பெரியவர் சட்டையில்லாமல் நிற்கும்போது அறைக்குள் போய்விட்டதைப் போல.

மூன்றாம் நாள் மத்தியானம்தான் அந்தச் சந்தி.

பேஜ் என்ற சின்ன ஊரில் இருந்து தெற்கே வந்துகொண்டிருந்தோம். நேரே போனால் நாலு மணித்தியாலத்தில் பீனிக்ஸ். ஆறு மணிக்கு மாமி வீட்டுச் சாப்பாடு என்று ஒழுங்கு. இடது பக்கம் கிழக்கே ஒரு வீதி பிரிந்தது. வித்யாவின் படத்தில் இருந்த பாறைகள் அந்தப் பக்கம். எங்கள் திட்டத்தில் அவை இல்லை. அந்த இரண்டு நாட்களைத்தான் பீனிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. வித்யா யன்னலால் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். என் கை இடது சமிக்ஞையைப் போட்டது. டிக், டிக், டிக். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். போட்டது என் கை. அம்மாவுக்குத் தெரிந்தால், அந்த இந்தியப் பிள்ளைதான் கெடுத்தது என்பார். இல்லை. நான் திருப்பினேன்.

"மாமி?" என்றாள் வித்யா.

"அடுத்த ஊரிலை எடுத்துச் சொல்லுவம்."

அடுத்த ஊரில் கைபேசிக்குத் தொடர்பு இல்லை. அதற்கடுத்த ஊரில், பெற்றோல் நிலையத்தில், இரண்டு கோடு காட்டியது. நான் கைபேசியைப் பார்த்தேன். பிறகு பைக்குள் போட்டேன். தொடர்பு கிடைக்கவில்லை என்று இவ்வளவு காலமும் வித்யாவுக்கே சொல்லி வந்தேன். கிடைத்தது. எடுத்தால் மாமி "வாங்கோ" என்பார், நான் "ஓம்" என்பேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பெண்கள் "ஓம்" சொல்வதில் கெட்டிக்காரிகள். எடுத்தால் நான் காரைத் திருப்பியிருப்பேன்.

அந்த வீதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது? வானம் மிக உயரத்தில். தரை தட்டை. தரைக்கு நடுவே, யாரோ தூக்கி வந்து வைத்துவிட்டு மறந்துபோனது போல், ஒரு பாறை. நிமிர்ந்து, தனியாக, ஒரு கட்டடத் தொகுதி அளவு. பிறகு பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. நிழல்கள் மட்டும் நீண்டு போய் ஒன்றையொன்று தொடுகின்றன. நாங்கள் பாட்டை நிறுத்திவிட்டோம்.

வீதியோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அந்த மண்ணுக்குச் சொந்தமான நவஹோ இனப் பெண் ஒருவர் எண்ணெயில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தார். காலையில் இருந்து பிஸ்கட்தான். வாங்கிக் கடித்தோம். மெத்தென்று, சூடாக, நல்ல ரொட்டி. ஆனால் வித்யா என்னைப் பார்த்தாள். நான் வித்யாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் பின் இருக்கையைப் பார்த்தோம்.

"வேண்டாம்டி, பாவம்" என்றாள். சொல்லிக்கொண்டே கார்ச் சாவியை நீட்டினாள்.

சாவியால் கிழித்தேன். முதல் பை, இரண்டாம் பை, மூன்றாம் பை. அம்மாவின் கைகள் ஒவ்வொரு பையிலும் இருந்தன. 'மாமிக்கு' என்ற எழுத்து இரண்டாகப் போனது. ஆறாவது பையில் பலம் கூடிவிட்டது. அப்படியே வெடித்துக் குளிர்ப்பைக்குள்ளும் என் காற்சட்டையிலும் கொட்டியது தூள். ரொட்டிக்காரப் பெண்ணோடு மூன்று பேரும் தும்மினோம். ரொட்டியில் ஊறுகாய்ச் சாற்றை ஊற்றி, தூளைத் தூவி, காரின் முன்மூடியில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டோம். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். அந்தப் பெண்ணுக்கும் ஒரு துண்டு கொடுத்தோம். மென்றுவிட்டு, இது யாருக்குக் கொண்டுபோவது என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு மாமிக்கு என்றேன். அவர் கிழிந்த பைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தோள் குலுங்கச் சிரித்தார். ஒரு கரண்டி தூளைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு இரண்டு ரொட்டி கூடுதலாகத் தந்தார்.

மாலையில் ஓர் ஆற்றின் மேல்விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு மிகக் கீழே, பாறையை அறுத்து அறுத்து, வளைந்து போய் மறுபடியும் தான் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வருகிறது. கம்பிவேலி இல்லை. பலகை இல்லை. நோர்வேயில் கூட ஒரு எச்சரிக்கைப் படமாவது இருக்கும். குப்புறப் படுத்தேன். தவழ்ந்து போய்த் தலையை மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டினேன். வித்யா என் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டாள். ஒரு கையால் படமும் எடுத்துவிட்டாள். அந்தப் பயணத்தில் நான் இருக்கிற ஒரே நல்ல படம் அது. அதில் தெரிவது என் உள்ளங்கால்கள்.

கைக்கடிகாரம் முகத்துக்கு நேரே இருந்தது. ஆறு மணி. பீனிக்ஸில் ஒருவர் தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே படுத்திருந்தேன். கீழே பாறை செம்மஞ்சளில் இருந்து சிவப்புக்கும், சிவப்பில் இருந்து ஊதாவுக்கும் போனது. ஒரு சத்தமும் இல்லை. என் காதுக்குள் என் இரத்தம் ஓடுவது மட்டும் கேட்டது. அன்றைக்கு நான் செய்தது தவறா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். காத்திருக்க வைத்தது தவறு, ஒத்துக்கொள்கிறேன். எழும்பிப் போகாமல் படுத்திருந்தது தவறில்லை. இதில் மட்டும் எவரும் என்னை அசைக்க முடியாது.

மறுநாள் காலை, தங்கிய விடுதியின் வாசலில் நின்று மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். கதை தயாராக இருந்தது. சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. இரவு முழுக்க அதைப் பாடமாக்கியிருந்தேன்.

"மாமி, நான் நோர்வேயிலை இருந்து வந்த—"

"தெரியும் பிள்ளை. நல்லா நித்திரை கொண்டனீங்களோ?"

"மாமி, நேற்று வரேலாமல் போச்சு, காரின்ரை சில்லு—"

"சில்லுக் கதையை விடுங்கோ. நீங்கள் நேற்று வந்திட்டீங்கள்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அம்மா இரவு எட்டு மணிக்கு எடுத்தவ. அங்கை விடியப்புறமாம், வேலைக்கு வெளிக்கிடுறாவாம். பிள்ளையள் வந்திட்டினமோ எண்டு கேட்டா. ஓம், வந்து சாப்பிட்டிட்டுக் களைப்பிலை படுத்திட்டினம் எண்டன். வேறை என்ன சொல்லுறது? இல்லையெண்டால் அவ அங்கை இருந்துகொண்டு அமெரிக்காப் பொலிசை எழுப்பியிருப்பா."

"மாமி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. தூளையும் உடைச்சிட்டம்."

"தூள் கிடைச்சதெண்டு சொல்லிப்போட்டன். நல்ல வறுவல் எண்டும் சொன்னனான். நீங்கள் சாப்பிட்டது நண்டுக் கறி. மறந்திடாதேங்கோ, ரெண்டு பேரும் ஒண்டைத்தான் சொல்லவேணும்."

"நண்டு சமைச்சு வைச்சிருந்தனீங்களோ?"

"எங்கை பிள்ளை! சோறும் பருப்பும்தான். இவர் சைவம், நண்டு மணமே ஆகாது. நான் நண்டு சமைச்சு இருவது வருசம். வாயிலை அதுதான் வந்தது."

பிறகு அவர் குரலைத் தணித்தார்.

"எங்கை நிக்கிறீங்கள்? அந்தச் சிவப்புக் கல்லுகளிட்டையோ?"

"ஓம் மாமி."

"இஞ்சையிருந்து ஆறு மணித்தியாலம். வந்து இருவத்திரண்டு வருசம், ஒருக்காலும் போகேல்லை. கல்லைப் பாக்க ஏன் பெற்றோல் எரிப்பான் எண்டுவார் இவர்." பிறகுதான் கேட்டார். "கல்லு எப்பிடி இருந்தது, பிள்ளை?"

"பெரிசு மாமி."

"பெரிசெண்டு எனக்குந் தெரியும்."

அடுத்த சொல்லை நான் தேடி எடுக்குமுன், "சரி, வடிவாப் பாத்திட்டு வாங்கோ" என்று வைத்துவிட்டார்.

ஒஸ்லோ விமான நிலையத்தில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "மாமியின்ரை நண்டுக் கறி எப்பிடி?" இரண்டாம் கேள்வி, "என்ன போட்டுச் சமைச்சவ?" நான் ஆயத்தமாக இருக்கவில்லை. "தேசிக்காய்த் தோல் சீவிப் போட்டவ" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். ஊறுகாய் ஞாபகமாக இருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமையே அம்மா குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போய் நண்டு வாங்கி வந்து, தேசிக்காய்த் தோல் சீவிப் போட்டுச் சமைத்தார். கடவுளே, அது நன்றாகவும் இருந்தது. இன்று புருசெத்தில் எங்கள் அடுக்குமாடித் தொகுதியில் யார் வீட்டுப் பிறந்தநாளிலும் 'பீனிக்ஸ் நண்டு' உண்டு. பாலைவனத்து நகரத்துக்கு நண்டு எங்கிருந்து வரும் என்று இந்தப் பதினொரு வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மாமியும் நானும் தைப்பொங்கலுக்குத் தைப்பொங்கல் பேசிக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி வரும். நானும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சுட்ட செங்கல் மாதிரி என்றேன். கடல் இல்லாத கடற்கரை மாதிரி என்றேன். ஒருமுறை பாறைகளின் வயதையே படித்துவைத்துச் சொன்னேன். "அது புத்தகத்திலை கிடக்கு" என்றார். இப்படித்தான் ஒவ்வொரு வருடமும், "அப்ப நான்தான் போய்ப் பாக்கவேணும்" என்று முடிப்பார். நானும், வாறன் மாமி, கூட்டிக்கொண்டு போறன் என்பேன். அதன் பிறகு கலியாணம், வீடு, ஆதிரை. சொன்னதைச் செய்யாமல் இருக்க எனக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

இந்தத் தைப்பொங்கலுக்குப் பேசியபோது மாமியின் குரல் வேறாக இருந்தது. அவருடைய கணவர் போன வருடம் காலமாகிவிட்டார். மகன் பீனிக்ஸ் வீட்டை விற்கிறாராம். கார்த்திகையில் மாமியைத் தன்னோடு கிழக்கே கூட்டிப் போகிறாராம், கண்ணுக்கெட்டியவரை தட்டையான ஓர் ஊருக்கு. மாமிக்கு எழுபத்தாறு. வலது முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

"இனி ஆறு மணித்தியாலம் இல்லை பிள்ளை. ரெண்டு நாள்" என்றார்.

அன்றைக்கே ஒக்டோபர் மாதத்துக்கு விமான ரிக்கெற் போட்டேன், மூன்று பேருக்கு. பீனிக்ஸில் இறங்கி, மாமியை ஏற்றிக்கொண்டு, வடக்கே.

அதற்குப் பிறகு நான் கேட்ட பேச்சை எழுதினால் தனிப் புத்தகம் வரும். ஹவுகெட்டோவில் இருக்கிற என் மாமியார், "பிள்ளையைக் கொண்டுபோய் வெய்யிலிலை வாட்டப் போறியளோ?" என்கிறார். பூச்சியத்துக்குக் கீழே எட்டுப் பாகையில், எல்லா நோர்வேப் பிள்ளைகளையும் போல, தள்ளுவண்டிக்குள் வெளியே நித்திரை கொண்ட பிள்ளை இவள். அப்போதும் இவர்தான் சண்டைக்கு வந்தார். தாய்மார் குழுவில் ஒருத்தி, பாம்பு இருக்குமே என்கிறாள். இன்னொருத்தி, நான்கு வயதில் போவது ஞாபகமே இருக்காது என்கிறாள். ஞாபகம் வைத்துக்கொள்ளவா அவளைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போகிறார்கள்? இவர், அதாவது என் கணவர், "நீர் முடிவெடும், நான் வாறன்" என்கிறார். இது ஆதரவா தப்பித்தலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நானும் ஒன்றும் இரும்பல்ல. கார் இருக்கை, சக்கர நாற்காலி, வைத்தியசாலைத் தூரம் என்று நாலு பக்கத்துக்குப் பட்டியல் எழுதியிருக்கிறேன். இரண்டு தடவை ரிக்கெற்றை ரத்துச் செய்கிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டு தடவையும் மூடினேன்.

நான் எதிர்பாராதது அம்மா.

"நானும் வாறன்" என்றார் போன ஞாயிற்றுக்கிழமை, நண்டைக் கிண்டிக்கொண்டே. "அந்த மனிசி உங்களை எவ்வளவு வடிவாப் பாத்தவ. நேரிலை ஒரு நன்றி சொல்லவேணும். இந்த முறை கல்லையும் பாப்பம், என்னதான் கிடக்கெண்டு." சொல்லிவிட்டு அடுத்த நாளே தூள் வறுக்க மல்லி வாங்கி வந்துவிட்டார்.

அன்றிலிருந்து நித்திரை இல்லை. நான் ஒருநாளும் போகாத வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிப் போகப் போகிறேன். குளியலறை எந்தப் பக்கம் என்று அம்மா என்னைத்தான் கேட்பார். மாமியிடம் நண்டுக் கறியைப் பற்றிக் கேட்பார். மாமிக்குத் தேசிக்காய்த் தோல் விசயம் தெரியாது.

அந்த நாட்களில் இருந்து என்ன மிஞ்சியிருக்கிறது என்று அந்தப் பையைக் கழுவும்போது யோசித்தேன். நாங்கள் தங்கிய விடுதி மூடப்பட்டுவிட்டது, இணையத்தில் பார்த்தேன். அதன் வாசலில் இப்போது பலகை அடித்திருக்கிறது. வித்யா திரும்பிப் போய்விட்டாள். ஆண்டுக்கொருமுறை என் உள்ளங்கால் படத்தை அனுப்பி, "புடிச்சுக்கவா?" என்று கேட்பாள். மாமி வீட்டு வாசல், நான் மிதிக்காத வாசல், கார்த்திகையோடு வேறு யாருக்கோ. எல்லாவற்றிலும் பெரிது, அந்த மாதிரி ஒரு பொய்க்கு இனி இடமில்லை. இன்று என் கைபேசி எங்கே நிற்கிறது என்று அம்மாவின் கைபேசியில் ஒரு நீலப் புள்ளி காட்டிக்கொண்டே இருக்கும். ஆறு மணிக்குப் புள்ளி பீனிக்ஸில் இல்லையென்றால் எந்த மாமியாலும் என்னைக் காப்பாற்ற முடியாது. இரண்டு நாள் எவருக்கும் அகப்படாமல் இருந்தேனே, அந்த இரண்டு நாள் இனி எவருக்கும் கிடையாது. ஆதிரைக்கும்தான்.

ஆகவே, இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். விமானம் ஏறுமுன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடவா? சொன்னால், மாமியும் சேர்ந்து பொய் சொன்னவர் ஆகிவிடுவார், வந்த இடத்தில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்கள். அல்லது மாமியைக் கூப்பிட்டு அவருடைய நண்டுக் கறியை அவருக்கே சொல்லிக்கொடுக்கவா? அல்லது பேசாமல் காரை நேரே அந்த விளிம்புக்கு விட்டு, அம்மாவை ஒரு பக்கமும் மாமியை ஒரு பக்கமும் இருத்தி, பாறை ஊதாவாகும் நேரத்தில் சொல்லிவிடவா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். முழங்கால் வலிக்காரரை ஆறு மணித்தியாலம் காரில் எப்படிக் கொண்டுபோவது, நான்கு வயதுப் பிள்ளையை வேலியில்லாத விளிம்பில் எப்படிப் பிடித்திருப்பது என்றும் சொல்லுங்கள். கணுக்கால் போதுமா?

எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். போகாதே என்று மட்டும் எழுதாதீர்கள். அது எனக்குச் சொல்லியாகிவிட்டது.